அனுப்பம்பட்டில் நாற்பது சென்ட்: முதலில் கிணற்றைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை, வயது முப்பத்தாறு. மாமனார் வழியில், சென்னைக்கு வடக்கே மீஞ்சூரை அடுத்த அனுப்பம்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் 40 சென்ட் நிலம், அதன் மூலையில் தூர்ந்துபோன ஒரு பழைய கிணறு. மருந்தும் உரமூட்டையும் இல்லாமல் காய்கறி விளைவிக்க ஆசை, விவசாயம் தெரியாது. போர் (ஆழ்துளைக் கிணறு) போடலாமா, எந்தப் பயிரில் தொடங்கலாம், எவ்வளவு வரும், இயற்கை விளைச்சல் என்ற சான்றிதழ் வேண்டுமா, வேலையை எப்போது விடலாம் என்று வரிசையாகக் கேள்விகள்.

தம்பி, நீங்கள் எழுதியதில் மண் இருக்கிறது, நாட்டு விதை இருக்கிறது, பஞ்சகவ்யா இரண்டு இடத்தில் வருகிறது. தண்ணீர் எப்படி என்று ஒரு வரி இல்லை. ஈரோட்டுப் பக்கமிருந்து யாராவது கேட்டிருந்தால் நானும் மண்ணிலிருந்து ஆரம்பித்திருப்பேன். மீஞ்சூர் வட்டாரத்தில் அது முடியாது.

உங்கள் நிலத்துக்கு அடியில் ஓடுவது ஆரணியாறும் கொசஸ்தலை ஆறும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மணற்படுகைத் தண்ணீர். 1960-களின் கடைசியிலிருந்து சென்னையின் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் அதை ராட்சதக் குழாய்க் கிணறுகள் வைத்து உறிஞ்சினார்கள். விவசாயிகளும் தங்கள் பங்குக்கு இறைத்தார்கள். நல்ல தண்ணீர் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் கடல் வந்தது. இன்று கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே கூட நிலத்தடியில் உப்பு ஏறியிருக்கிறது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதற்கு வைத்த பெயர் மீஞ்சூர் ஆலை! நல்ல தண்ணீருக்குப் பேர்போன ஊரின் பெயர் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் இடத்துக்குப் போய்விட்டது.

நானும் இதில் அடிபட்டவன்தான். முதல் குத்தகை நிலத்தை மார்கழியில் போய்ப் பார்த்தேன். மழை முடிந்த சமயம். கிணறு கைக்கெட்டும் தூரத்தில் நிறைந்து நிற்கிறது. ஒரு வாய் குடித்தேன், இளநீர் மாதிரி இருந்தது. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். தையில் வெண்டை, முள்ளங்கி, கத்தரி. மாசி வரை எல்லாம் சரியாகத்தான் போனது. பங்குனி பிறந்ததும் வெண்டை இலைகளின் ஓரம் மட்டும் யாரோ பீடி நெருப்பால் சுட்ட மாதிரி பழுப்பாகக் கருகத் தொடங்கியது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். அப்புறம் ஒருநாள் சொட்டுநீர்க் குழாயின் துளைகளைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருப்பதைப் பார்த்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. பக்கத்து நிலத்துப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "மார்கழியில தண்ணிய பாத்தா எல்லா கெணறும் நல்ல கெணறுதான் நைனா. சித்திரையில வந்து குடிச்சுப் பாத்திருக்கணும்" என்றார். முன்பணம் திரும்ப வரவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் செலவு சில நூறு ரூபாய். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். வீட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் மாட்ட வருகிறவர் கையில் வைத்திருப்பாரே, அதுதான். கிணற்றை மே மாதம், கத்திரி வெயிலில், மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு அளந்து பாருங்கள். மீட்டர் காட்டும் எண் (பி.பி.எம்.) 500-க்குள் இருந்தால் எதையும் நடலாம். 500-லிருந்து 2000 வரை என்றால் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற ஏறத் தேர்வு சுருங்கும். 2000-க்கு மேல் போனால் காய்கறித் தோட்டத்தை மறந்துவிடுங்கள். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் சோடியம் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று தெரிய ஆய்வகம்தான் கதி. உங்கள் மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் இருக்கிறது. நெல் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். மண்ணும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஒருநாள் விடுப்பு போட்டுப் போய் வாருங்கள், அந்தப் பயணம் வீண் போகாது.

போர் விஷயத்தில் என் பதில்: வேண்டாம். இருநூறு அடி, முந்நூறு அடி என்று ஆசை காட்டுவார்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர் லேசானது என்பதால் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் கனமானதால் அடியில் கிடக்கும். ஆழமாகத் துளைத்து வேகமாக இழுத்தால் அடியில் கிடப்பது கூம்பு மாதிரி எழும்பி வந்து மேலே இருக்கிற நல்லதையும் கெடுத்துவிடும். உங்களிடம் இருக்கும் அந்தப் பழைய கிணறு மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற மேல்கிணறு. அதுதான் உங்கள் சொத்து. வைகாசி, ஆனியில் தண்ணீர் வற்றியிருக்கும்போது தூர் வாருங்கள். ஒரு எச்சரிக்கை. பல வருடம் மூடிக் கிடந்த கிணற்றில் ஆளை நேராக இறக்காதீர்கள். விஷவாயு கட்டியிருக்கும், மூச்சு முட்டி ஆள் போய்விடும். அனுபவமுள்ள தூர் ஆட்களை, உரிய கருவிகளோடு வருகிறவர்களை மட்டும் கூப்பிடுங்கள்.

தண்ணீர் கொஞ்சம் கடுப்பாக, அதாவது உப்புக் கரிப்பாக இருந்தால் மனம் தளர வேண்டாம். கொத்தவரை உப்பை நன்றாகவே தாங்கும். காராமணி ஓரளவு தாங்கும், பருப்புக்கீரை கவலையே படாது. தக்காளி நடுத்தரம். கத்தரி, மிளகாய், வெண்டை, முள்ளங்கி, வெங்காயம் எல்லாம் முகத்தைச் சுளிக்கும். பீன்ஸ் பக்கமே போகாதீர்கள், உப்பும் ஆகாது, நம் ஊர் வெயிலும் ஆகாது. கடுப்புத் தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரில் விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டாமல், நாள் விட்டுத் தாராளமாகப் பாய்ச்சுங்கள். உப்பு வேரைத் தாண்டிக் கீழே போக வேண்டும். மிச்சத்தை ஐப்பசி மழை கழுவிவிடும்.

சரி, இனி மண். 40 சென்ட்டிலும் ஒரேயடியாக இறங்காதீர்கள். கிணற்றை ஒட்டிய 10 சென்ட் மட்டும் முதல் வருடம். மீதி 30 சென்ட்டில் 6 கிலோ தக்கைப்பூண்டு (மடக்கி உழுதால் மண்ணுக்கு உரமாகும் பசுந்தாள் செடி) விதைத்து, பூக்கிற சமயத்தில், அதாவது நாற்பது நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுதுவிடுங்கள். தக்கைப்பூண்டுக்கு உப்பும் தெரியாது, தேங்கிய தண்ணீரும் தெரியாது. நம்மாழ்வார் ஐயா சொன்ன, பல வகை விதைகளைக் கலந்து விதைத்து மடக்கி உழும் பலதானிய விதைப்பும் இதே வேலையைச் செய்யும். ஆனால் உங்கள் இடத்துக்கு முதல் தடவை தக்கைப்பூண்டு போதும்.

எரு விஷயத்தில் வடசென்னைக்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. செங்குன்றம் முழுக்க அரிசி ஆலைகள். அங்கே கிடைக்கும் உமியைப் பாத்திகளுக்கு நடுவே இரண்டு விரல் தடிமனுக்குப் பரப்பினால் களையும் அடங்கும், ஈரமும் நிற்கும். உமிச்சாம்பலை மட்டும் அளவோடு போடுங்கள், அது காரத்தன்மை உள்ளது. கடுப்புத் தண்ணீரும் சேர்ந்தால் மண்ணுக்கு ஆகாது. அப்புறம் காசிமேடு. உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மீன் குடல், செவுள், தலை ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ வெல்லம், மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று வாரம். பிறகு வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி வரை கலந்து தெளித்தால் கீரை பளபளவென்று ஏறும். சரியாக நொதித்தால் நாற்றம் போய்ப் பழவாடை வரும். ஆனால் பச்சை மீன் கழிவை வாளியில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறாதீர்கள். நான் ஏறினேன். திருவொற்றியூர் வருவதற்குள் அந்தப் பெட்டியில் என்னைத் தவிர யாருமில்லை. வீட்டு மாடியிலேயே ஊறப்போட்டு, பாட்டிலில் கொண்டு போங்கள்.

மாட்டுச் சாணம் சோழவரம், செங்குன்றம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் கிடைக்கும். பச்சையாகப் போடக் கூடாது, குறைந்தது மூன்று மாதம் மட்கட்டும். இல்லாவிட்டால் களை விதையும் வண்டுப் புழுவும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். மலிவாக வருகிறது என்று குப்பைமேட்டு எருவை மட்டும் தொடாதீர்கள். கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக்கும் கண்ணுக்குத் தெரியும். உடைந்த பேட்டரி, டியூப்லைட்டிலிருந்து வரும் ஈயமும் பாதரசமும் தெரியாது. கீரை அதை உறிஞ்சி இலையில் வைக்கும். மணலி, எண்ணூர் ஆலைகளை ஒட்டிய நிலமாக இருந்தாலும் இதே பயம்தான், அங்கே நிலமே வேண்டாம் என்பேன். நீங்கள் தப்பித்தீர்கள்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா போன்ற சாணக் கரைசல்கள் பற்றி ஊரெல்லாம் எழுதியாகிவிட்டது. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்று பயன்படுத்துங்கள். அவ்வளவுதான். பயிர் வாடுவதற்குக் காரணம் தண்ணீராக இருக்கும்போது கரைசல் மேல் கரைசல் ஊற்றுவது, பசித்தவனுக்கு டானிக் கொடுப்பது மாதிரி.

விதைக்கும் பட்டம் என்று வரும்போது, "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னை வட்டாரத்தில் வருடத்துக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆடியில் விதைத்த வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்க ஆரம்பித்து, ஒரு மாதத்துக்கு மேல் பறித்துவிடலாம், அது தப்பிக்கும். ஆடியில் நாற்று விட்ட கத்தரியோ காய்க்கத் தொடங்கும்போது ஐப்பசி வந்து முழங்கால் தண்ணீரில் நிறுத்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் பாத்திகளில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. நிற்கும்போது செடி பச்சையாகத்தான் இருந்தது; நான்காம் நாள் வெயில் அடித்ததும் மதியத்துக்குள் மொத்தமும் தலை தொங்கிவிட்டது. வேர் அழுகியிருந்தது. அதற்குப் பிறகு என் கணக்கு வேறு: நீண்ட காலப் பயிர் எதையும் மார்கழிக் கடைசிக்கு முன் நடுவதில்லை. தையில் நட்டு ஆனிக்குள் முடித்துவிடுகிறேன். பாத்தியை ஒரு அடி உயர்த்தி, சுற்றி வடிகால் எடுத்து, அது எங்கே போய் விழும் என்பதையும் பார்த்து வைக்கிறேன். பந்தல் போட்டுப் புடலை, பீர்க்கு ஏற்ற ஆசையிருந்தால் அதுவும் தைக்கு மேல்தான். கார்த்திகைப் புயலில் பந்தலைக் காப்பாற்றியவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

எந்தப் பயிரில் தொடங்குவது? கீரை. சந்தேகமே வேண்டாம். தப்பு செய்தால் இருபத்தைந்து நாளில் தெரிந்துவிடும், அடுத்த பாத்தியில் திருத்திக்கொள்ளலாம். கத்தரியில் செய்த தப்பு தெரிய மூன்று மாதம் ஆகும். பத்துக்கு நான்கு அடிப் பாத்தி. முளைக்கீரை, சிறுகீரை விதை கடுகை விடச் சிறியது. ஒரு சென்ட்டுக்கு 10 கிராம் போதும். அதைப் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரு மூலையில் காடாக முளைத்து இன்னொரு மூலை மொட்டையாகக் கிடக்கும். தூவிய அன்று சாயங்காலமே எறும்பு வரிசை கட்டி விதையைத் தூக்கிக்கொண்டு போகும். பாத்தி ஓரத்தில் ஒரு பிடி அரிசி நொய் போடுங்கள். எறும்பு அதைத் தூக்குவதில் மும்முரமாகிவிடும், அதற்குள் விதை முளைத்துவிடும். எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். ஒரே வாரத்தில் ஆயிரம் கட்டுக்குப் பக்கமாக வந்து நிற்கும், அடுத்த மூன்று வாரம் கையில் ஒன்றும் இருக்காது. அரைக்கீரைக்கு நான்கு பாத்தி ஒதுக்குங்கள், ஒரு தடவை போட்டால் மாதக்கணக்கில் கிள்ளிக்கொண்டிருக்கலாம்.

பணக் கணக்கு இப்படி. 10 சென்ட் என்பது 4,356 சதுர அடி. வரப்பு, வடிகால், நடக்கும் வழி போக 60 பாத்தி தேறும். விதைப்பு முதல் மறு விதைப்பு வரை முப்பது நாள் என்றால் தினம் இரண்டு பாத்தி அறுவடை. பாத்திக்கு 15 முதல் 20 கட்டு. கட்டு 15 ரூபாய்க்குப் போனால் நாளுக்கு 450 முதல் 600 ரூபாய். இதில் ஆள் கூலி ஒருவருக்குக் கொடுத்தால் அநேகமாக அத்தனையும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் பூஜ்யம். ஆகவே முதல் இரண்டு வருடம் வேலையை விடும் பேச்சே வேண்டாம். முதலீட்டில் பெரிய செலவு விதையோ எருவோ இல்லை, வேலிதான். உங்கள் பக்கம் மாடும் ஆடும் அவிழ்த்து விட்டபடி திரியும். ஒரே இரவில் ஒரு மாத உழைப்பைத் தின்றுவிட்டுப் போகும். வேலி போடாமல் ஒரு விதை கூடப் போடாதீர்கள்.

பூச்சிக்கு வருவோம். கீரையில் பெரிய தொல்லை இல்லை. இலையில் ஓட்டை விழுந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். கொட்டையை இடித்து லிட்டருக்கு 50 கிராம் என்று இரவு ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, சாயங்காலம் அடியுங்கள். வெயிலில் அடித்தால் வீணாகப் போகும். கத்தரிக்குப் போகும்போதுதான் பரீட்சை. காலையில் தோட்டத்துக்குள் நுழைந்தால் எல்லாச் செடியும் நிமிர்ந்திருக்க, ஒன்றிரண்டு கொழுந்து மட்டும் கழுத்தை ஒடித்த மாதிரி தொங்கும். அதைக் கிள்ளி நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள், உள்ளே வெளிர் சிவப்பில் ஒரு புழு நெளியும். தண்டு காய்த்துளைப்பான். எந்தக் கரைசலும் தண்டுக்குள் இருக்கும் அதைத் தொடாது. கொழுந்தை ஒரு விரல் கீழே சேர்த்துக் கிள்ளிப் பையில் போட்டு, வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். வரப்பில் எறிந்தால் அங்கேயே கூடு கட்டி அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் வையுங்கள். ஆனால் தினமும் காலையில் ஒரு சுற்று நடப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர் கத்தரி வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாக வலை பின்னினால் மருந்து தேடாமல் பிடுங்கிவிடுங்கள், வெள்ளை ஈ மற்றதற்கும் பரப்பிவிடும்.

லேபிள் இல்லாத பாட்டிலில் 'இயற்கை மருந்து' என்று கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒருமுறை வாங்கி அடித்தேன். அரை மணி நேரத்தில் அசுவினி அத்தனையும் உதிர்ந்தது, கூடவே அதைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் செத்துக் கிடந்தன. எந்த வேப்பெண்ணெயும் அந்த வேகத்தில் வேலை செய்யாது.

விற்பனைக்குக் கோயம்பேடு போகாதீர்கள். அங்கே உங்கள் நாற்பது கட்டுக்கு மரியாதை கிடையாது, இயற்கை என்று சொன்னால் யாருக்கும் கவலையும் கிடையாது. உங்களுக்கு ரயில் இருக்கிறது. விடிவதற்கு முன் அறுத்து, வேரைக் கழுவி, நனைத்த கோணிச் சாக்கில் நிற்க வைத்துக் கட்டினால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வாடாமல் தண்டையார்பேட்டை வந்துவிடும். சாக்குக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். சொட்டும் தண்ணீருக்குத் திட்டு வாங்காத நாள் கிடையாது. உங்கள் தெருவில், அலுவலகத்தில் முப்பது வீடு பிடியுங்கள், வாட்ஸ்அப்பில் முந்தின நாள் ராத்திரியே எண்ணிக்கை கேட்டு, சொன்ன அளவுக்கு மட்டும் அறுங்கள். மீதியைப் பாத்தியிலேயே விடுங்கள், அதைவிட நல்ல குளிர்சாதனப் பெட்டி கிடையாது.

சான்றிதழ் இப்போதைக்கு வேண்டாம். சொந்த விளைச்சலை நேரடியாக வீடுகளுக்கு விற்கும் சிறு விவசாயிக்கு, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகளின்படி அது கட்டாயமில்லை. பின்னால் தேவைப்பட்டால் கோவையில் இருக்கும் அரசின் சான்றளிப்புத் துறையிடம் போகலாம், காய்கறி நிலத்துக்கு இரண்டு வருட மாறுதல் காலம் உண்டு. அல்லது அக்கம்பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து, ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்த்துச் சான்று தரும் பி.ஜி.எஸ். குழு அமைக்கலாம். எதுவானாலும் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த பாத்தி, எந்த தேதி, என்ன விதை, என்ன போட்டீர்கள். அதே நோட்டில் மாதம் ஒருமுறை கிணற்றின் மீட்டர் அளவும் ஏறட்டும்.

முதலில் தூர் வாரி, அடுத்து வரும் மே மாத அளவை எடுத்து எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் கீரைக்கு அடுத்து நீங்கள் வைக்க வேண்டியது கத்தரியா கொத்தவரையா என்று என்னால் சொல்ல முடியும்.